வறண்ட நிலத்துக்கு லூர்தம்மாள் வைத்த சோதனை

லூர்தம்மாள் இருபத்திரண்டு வருடங்கள் தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவள். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனி. அதன் பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று காலையும் மாலையும் பார்த்துச் சொல்வதுதான் வேலை. அவள் சரியில்லை என்றால் பாய்லரை ஏற்ற மாட்டார்கள். ஒருமுறை அவசர ஆர்டர் என்று மேனேஜரே வந்து நின்றார். "தண்ணி சரியில்ல சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவர் இக்னேஷியஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் முதல் மாடியில் குடியிருந்தார்கள். ஒரே மகள் ஜெபிஷா கல்யாணமாகிப் பூந்தமல்லியில் இருந்தாள். இருவருக்கும் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. லூர்தம்மாள் பிறந்தது வில்லிவாக்கம், இக்னேஷியஸ் பிறந்தது பெரம்பூர். வயல் என்றால் ரயில் ஜன்னலில் ஓடுவது என்றுதான் இருவருக்கும் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் டிசம்பரில் அடித்த புயல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. தரைத்தளம் மூழ்கி, மாடிப்படியின் ஐந்தாவது படி வரை தண்ணீர் நின்றது. மின்சாரம் போயிற்று. தரைக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது. மேல்மாடித் தொட்டியில் மிச்சமிருந்ததும் மறுநாள் காலையிலேயே தீர்ந்தது. பதினெட்டு வீட்டுக்காரர்களும் படியில் உட்கார்ந்து படகு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு ஸ்வாதியின் கைக்குழந்தைக்குப் பால்மாவு இருந்தது, கரைக்கத் தண்ணீர் இல்லை.

லூர்தம்மாள் மொட்டை மாடிக்குப் போனாள். பெயிண்டர்கள் விட்டுப்போன தார்ப்பாய் ஒன்று கிடந்தது. அதைக் கழுவி, துணி காயப்போடும் கம்பிகளில் நான்கு மூலையும் கட்டி, நடுவில் தொய்வு விட்டுக் கீழே அண்டாவை வைத்தாள். மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் அண்டா நிரம்பியது. பையிலிருந்த, தண்ணீரில் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தாள். உப்பு இருபதுக்கும் கீழே. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்ட தண்ணீரிலேயே அதுதான் சுத்தம். கொதிக்க வைத்துக் கொடுத்தாள். தண்ணீர் வடியும் வரை மூன்று நாளும் அந்தக் கட்டடம் முழுக்க அதைத்தான் குடித்தது.

ஆனால் அவள் மனதில் தங்கியது அந்தச் சாமர்த்தியம் அல்ல, அந்த மூன்று நாளின் கையாலாகாத்தனம். பால் வரவில்லை என்றால் பால் இல்லை. லாரி வரவில்லை என்றால் தண்ணீர் இல்லை. ஐம்பத்தோரு வயதில், தன் வாய்க்குள் போகிற எதையும் தன் கையால் உண்டாக்கத் தெரியாது என்பது அவளை அரித்தது.

"எங்கனா போய் நம்மளே வெளைய வெச்சி, நம்ம தண்ணிய நம்மளே புடிச்சி இருக்கணும்பா" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது.

"இன்னா திடீர்னு?" என்றார் இக்னேஷியஸ். "பொங்கலுக்குக் கரும்பு வாங்குனா அதக்கூட நம்மளுக்கு ஒடைக்கத் தெரியாது."

"கத்துக்கலாம். பாய்லர் தண்ணிய மட்டும் நான் பொறக்கச் சொல்லவே கத்துகினு வந்தனா?"

அவர்கள் சேமிப்புக்கு எட்டிய நிலம் சென்னைக்குப் பக்கத்தில் எங்கும் இல்லை. இக்னேஷியஸோடு லேத் ஓட்டிய பூபாலன், கமுதிப் பக்கம் பருத்திக்குளம் என்ற ஊர்க்காரர். அங்கே நிலம் கிடைக்கும் என்றவரே அடுத்த மூச்சில் எச்சரித்தார். "ஆனா வெய்யிலு மண்டையப் பொளந்துரும் மதனி. மழை வந்தா வரும், வராட்டி வராது. நாங்களே பொழைக்க முடியாமத்தான் அம்பத்தூர் வந்தோம்."

ஜெபிஷா காதில் விழுந்ததும் பூந்தமல்லியிலிருந்து ஓடிவந்தாள். "வெள்ளத்துக்குப் பயந்து வறண்ட காட்டுக்குப் போறியாம்மா? அங்க ஆஸ்பத்திரி கீதா? அப்பாவுக்கு பிபி கீது, ஞாபகம் கீதா?"

"போறேன்னு யார் சொன்னது? சோதிச்சுப் பாக்கப் போறேன். சரியில்லன்னா சரியில்லன்னு எழுதிட்டு வந்துருவேன்" என்றாள் லூர்தம்மாள்.

சோதனையை அவள் அண்ணனூரிலேயே ஆரம்பித்தாள். மொட்டை மாடித் தார்ப்பாயை நினைத்துக் கணக்குப் போட்டாள். ஆயிரம் சதுரடிக் கூரை. மழை குறைந்த வருடத்தில் அந்தக் கூரையில் விழுவது, சிந்தியது சிதறியது போக முப்பத்தைந்தாயிரம் லிட்டருக்குக் குறையாது. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு எண்பது லிட்டர் என்றால் வருடத்துக்கு முப்பதாயிரத்துக்குள். ஏட்டில் சரியாக வந்தது. ஆனால் எண்பது லிட்டரில் இரண்டு பேர் வாழ முடியுமா? மார்ச் மாதம் முழுக்கக் குழாயைத் திறக்கக்கூடாது என்றாள். காலையில் நான்கு இருபது லிட்டர் கேன்கள் நிரப்பி வைக்கப்படும். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே நான்கு கேனும் காலி. இக்னேஷியஸ் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினார். "லூர்து! ஒரே ஒரு செம்பு! கண்ணு எரியுது!"

"காலைல பைக்க கழுவுன இல்ல? அது அந்தச் செம்புதான்."

நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பத்தாவது நாளில் துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போயிற்று. இருபதாவது நாளில் ஒரு கேனில் பாதி மிஞ்சியது. மாதக் கடைசியில் இக்னேஷியஸ் பல் துலக்க ஒரு டம்ளருக்கு மேல் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவியபோது, ஓடிப்போய் மூடியவர் அவர்தான்.

பூபாலன் சொல்லிவிட்ட பருத்திக்குளத்துத் தரகர் ஜனவரியில் வரச் சொல்லியிருந்தார், கண்மாய் நிறைந்து பார்க்க அழகாக இருக்கும் என்று. லூர்தம்மாள் இக்னேஷியஸை அழைத்துக்கொண்டு மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் போனாள். மெஷின் நன்றாக ஓடும் நாளில் சோதித்து என்ன தெரியும், பழுதாகிற நாளில்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. பூட்டிக் கிடந்த பூபாலனின் ஓட்டு வீட்டில் பத்து நாள் தங்குவது, சுற்று வட்டாரத்தில் கிடைப்பதை மட்டும் சாப்பிடுவது என்று ஏற்பாடு.

முதல் நாளே தரகர் ஒரு நிலத்தைக் காட்டினார். போர் போட்டு, கம்பி வேலி கட்டி, வாசலில் 'பண்ணை வீடு' என்று பலகை மாட்டியிருந்தது. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் பீறிட்டது. லூர்தம்மாள் மீட்டரை முக்கினாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

"இத ஊத்துனா செடி இல்ல, வேலிக் கம்பிதான் சீக்கிரம் துருப்புடிக்கும்" என்றாள்.

"ஃபில்டர் போட்டுக்கலாம்மா" என்றார் தரகர்.

"மிசினு ரிப்பேர் ஆனா மெக்கானிக் எங்கிருந்து வரணும்? மதுரையா? வாணாம்."

பூபாலன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி முத்திருளாயி வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகளைப் பத்திக்கொண்டு நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முப்பது ஆடும் இரண்டு ஏக்கர் மானாவாரியும் அவள் கையில். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மெட்ராஸ்காரி மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு.

"அதை எதுக்குக்கா குச்சி விட்டுப் பாக்குறீங்க? எங்க ஆடே அந்தத் தண்ணியக் குடிக்காது" என்றாள்.

சாப்பாட்டுச் சோதனையில் முதலில் தோற்றது லூர்தம்மாளின் ஏடு. முருங்கை, கத்தரி, வெண்டை, அவரை என்று மாதாமாதம் விளைவதை எழுதி வைத்திருந்தாள். மே மாதத்தில் அந்த ஊரில் முருங்கைக் கீரையும் நுங்கும் தவிரப் பச்சையாக எதுவும் இல்லை. முத்திருளாயி வீட்டில் மண்பானை மண்பானையாக வத்தல் இருந்தது. கத்தரி வத்தல், கொத்தவரை வத்தல், மிதுக்க வத்தல், கருவாடு.

"மழைக்கு நாலு மாசம் காய்க்கும்க்கா. அப்பத் தின்னதுபோக மிச்சத்தைக் காயப்போட்டா எட்டு மாசத்துக்கு வரும். வெயிலு எங்களுக்குச் சும்மாவா அடிக்குது?" என்றாள் முத்திருளாயி.

லூர்தம்மாள் ஏட்டில் நான்கு பக்கங்களைக் குறுக்கே அடித்தாள். விளைவிப்பது பாதி வேலைதான், காயவைத்துக் காப்பது மறுபாதி. இதை எழுதிய பேனா வெயிலில் மை கசிந்து சேலையை நாசமாக்கியது.

ஆறாவது நாள் இக்னேஷியஸ் விழுந்தார். சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல், பூபாலன் வீட்டுக் கொல்லையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தைப் பதினொரு மணி வெயிலில் வெட்டப் போனார். லூர்தம்மாள் சாதம் வடித்துவிட்டு எட்டிப் பார்த்தபோது அரிவாள் ஒருபக்கம், அவர் ஒருபக்கம். உடம்பு தோசைக்கல்லாய்க் கொதித்தது, வேர்வையே இல்லை. அவள் போட்ட சத்தத்தில் முத்திருளாயி ஓடிவந்து அவரை வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போட்டாள். ஆட்டுக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரைச் சேலையில் நனைத்து உடம்பு முழுக்கச் சுற்றினார்கள். பக்கத்துத் தெரு ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் லூர்தம்மாள் ஜெபமாலையைக்கூட நினைக்கவில்லை, விசிறிக்கொண்டே இருந்தாள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியபின்தான் அவர் கண்ணைத் திறந்து, "மரம் உயுந்துச்சா?" என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போதும்பா. ஊட்டுக்குப் போலாம். ஜெபி சொன்னது கரெக்டு."

இக்னேஷியஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்து நாளுன்னு சொல்லிகினு வந்த, இன்னும் நாலு நாள் கீது. இந்த ஊர்ல பத்து மணிக்கு மேல எவனாவது வெளிய வேல செஞ்சி பாத்தியா? எல்லாரும் நாலு மணிக்கு எந்திரிச்சி முடிச்சிடறான். நான்தான் எஸ்டேட்டு ஷிஃப்டு டைமுக்குப் போனேன். தப்பு ஊருதில்லமே, என்துதான்."

அதன் பிறகு நான்கு நாளும் விடிவதற்கு முன்பே எழுந்தார்கள். பத்து மணிக்குள் வேலை முடிந்தது. நடுப்பகலில் கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தார்கள். ஏட்டில் வெயிலுக்கான இடத்தில் "பொறுத்துக்கொள்ளலாம், நேரத்தை மாற்றினால்" என்று எழுதினாள். ஆஸ்பத்திரிக்கான இடத்தில் "நாற்பது நிமிடம். மோசம்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

கடைசி நாள் தரகர் வேறொரு நிலத்தைக் காட்டினார். ஊருக்குக் கிழக்கே, சற்றுத் தாழ்வாக ஒன்றரை ஏக்கர். மே மாதத்திலும் அதிலிருந்த பழைய கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. மீட்டர் நானூற்று எண்பது காட்டியது. மண்ணும் கறுப்பாக, கையில் பிடித்தால் உருண்டது. ஒரு ஓரத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால் இந்த இடத்தில் எதுவும் விளையும். முன்பணம் கொடுக்கலாம் என்றார் இக்னேஷியஸ். மழையில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் தரகரிடம் சொன்னாள். அவர் முகம் ஏன் சுருங்கியது என்று அப்போது புரியவில்லை.

நவம்பரில் அடைமழை என்று செய்தி வந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். பருத்திக்குளத்தில் இறங்கியபோது விடாமல் இரண்டு நாளாகப் பெய்துகொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நேராக நிலத்துக்குப் போனார்கள்.

நிலத்தைக் காணோம். மேற்கிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்து, அந்த ஒன்றரை ஏக்கரின் குறுக்கே ஓடி, கிழக்கே கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் முத்திருளாயியும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் மண்வெட்டியோடு நின்று, அடைத்துக்கொண்ட முள்ளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் மண்வெட்டி வீச்சு நின்றது.

முத்திருளாயிதான் முன்னால் வந்தாள். சிரிப்பு இல்லை. "இந்த இடத்தை நீங்கதான் வாங்கப் போறீங்கன்னு சொன்னாங்க. குட்டை வெட்டப் போறீங்கன்னும் சொன்னாங்க. இது வரத்துக்கால்க்கா. இங்க மறிச்சா எங்க கம்மாய்க்கு எங்கிட்டிருந்து தண்ணி வரும்? நூத்திருபது குடும்பம் அந்தக் கம்மாயை நம்பிக் கெடக்கு."

பின்னால் வந்து சேர்ந்த தரகர் குரலை உயர்த்தினார். "பட்டாவுல வாய்க்கால்னு ஒரு வரி இல்லம்மா. பட்டா நிலம், சட்டப்படி சுத்தம். இவங்க இப்படித்தான் வர்றவங்களை மிரட்டுவாங்க."

லூர்தம்மாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிணறு ஏன் மே மாதத்திலும் வற்றவில்லை என்பது இப்போது தெரிந்தது. அவளுக்கு வேண்டியது எல்லாம் அங்கேதான் இருந்தது. காகிதமும் சரியாக இருந்தது. அவள் வாங்கினால் யாரும் தடுக்க முடியாது. பத்து வருடத்துக்கு அவர்கள் இருவரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம்.

"பேப்பர் கரெக்டா கீதுன்னா நம்ம நெலம்தானே லூர்து?" என்று இக்னேஷியஸ் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் அந்தக் கிணற்றின் மேல் ஆசை.

"நம்ம அண்ணனூரு கட்டடத்துக்குள்ள தண்ணி ஏன் வந்துச்சு?" என்றாள் அவள். "ஏரித் தண்ணி போற வழிய எவனோ பேப்பர்ல கரெக்டாப் போட்டு வித்தான். நம்ம வாங்கிக் குடியேறுனோம். அதே வேலைய இங்க வந்து நான் செய்ய மாட்டேன்."

தரகரிடம் திரும்பி, வேண்டாம் என்றாள். பிறகு முத்திருளாயியிடம், "மண்வெட்டி இன்னொண்ணு கீதா?" என்று கேட்டாள். இக்னேஷியஸ் குடையை மடக்கிவிட்டு முள்ளை இழுக்க இறங்கினார். மத்தியானம் வரை அந்த வாய்க்காலை வெட்டிவிட்டார்கள். லூர்தம்மாளுக்குக் கைகள் இரண்டும் கொப்பளித்துவிட்டன. அவள் நிலத்தைச் சோதித்த மாதங்களில் ஊரும் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

அண்ணனூருக்குத் திரும்பியபின் ஜெபிஷா, "சரி, விட்டுச்சா ஆசை?" என்று கேட்டாள். விடவில்லை. பதினைந்து நாளில் முத்திருளாயி போன் செய்தாள். ஊருக்கு மேற்கே மேட்டில் ஒரு ஏக்கர் இருக்கிறதாம். கிணறு கிடையாது, போர் போட்டாலும் உப்புதான். மண் சுமார். ஆனால் தார்ச்சாலைக்குப் பக்கம், யாருடைய தண்ணீரும் அதன் வழியாகப் போகவில்லை. "மீட்டரை எடுத்துக்கிட்டு வாங்க, முக்குறதுக்குத் தண்ணிதான் கெடையாது" என்று சொல்லிச் சிரித்தாள்.

லூர்தம்மாள் அதைத்தான் வாங்கினாள். வேலையை விட்டாள். அண்ணனூர் வீட்டை ஸ்வாதியின் தம்பிக்கு வாடகைக்கு விட்டார்கள். மேட்டில் முதலில் கட்டியது வீடல்ல, இருபத்தையாயிரம் லிட்டர் மழைநீர்த் தொட்டி. அதன் மேல்தான் வீடும் ஓட்டுக் கூரையும் வந்தன. குழாய்களின் வளைவுகளை எல்லாம் இக்னேஷியஸ் தானே அறுத்துப் பொருத்தினார். ஒரு சொட்டு கசியவில்லை என்று பூபாலனுக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

முதல் வருடம் தொட்டி நிறைந்தது. குண்டு மிளகாய் போட்டார்கள், பாதி வாடிப்போனது. கத்தரி காய்த்தது. தட்டாம்பயறு போதும் போதும் என்று காய்த்தது. வாங்கிய ஏழு ஆடுகள் பெருகிப் பதினொன்றாயின. மயில்கள் வந்து நிலக்கடலையைக் கிளறித் தின்றன. அரிசியை எட்டு மாதம் கடையில்தான் வாங்கினார்கள். உப்பும் எண்ணெயும் எப்போதுமே கடைதான். பிபி மாத்திரைக்கு மாதம் ஒருமுறை பஸ் ஏற வேண்டும். எல்லாவற்றையும் தானே விளைவித்துக்கொள்ளும் வீடு அந்த மண்ணில் இல்லை என்று லூர்தம்மாள் ஏட்டில் எழுதினாள். அப்படி ஒரு வீடு முத்திருளாயியுடையதும் இல்லை. அவள் ஆட்டுப்பால் இங்கே வரும், இவர்கள் பயறு அங்கே போகும், கண்மாய் பெருகினால் நூற்றிருபது வீட்டுக்கும் நெல், பொய்த்தால் எல்லாரும் குதிரைவாலிக் கஞ்சி. "தனியாள் கணக்கு சரிவராது. ஊர்க்கணக்கு வரும். தங்கலாம்" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் வருடம் ஆடிக்கு மேல் ஒரு தூறலும் இல்லை. பாதிப்பேர் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பினார்கள். ஜெபிஷா போனில், மழை வரும் வரைக்குமாவது பூந்தமல்லிக்கு வந்து இருங்கள் என்று கெஞ்சினாள்.

"வெதைக்கணும்டி" என்றாள் லூர்தம்மாள்.

"மழையே இல்லாம எதுல வெதைப்ப?"

"புழுதியிலதான். இங்க அப்படித்தான். மழை வந்தப்புறம் வெதைச்சா லேட்டு."

புரட்டாசி இரண்டாம் வாரம், கிழக்கு வெளுக்கும் நேரம். கரிசல் காலுக்கடியில் மாவாகப் பறந்தது. பக்கத்து நிலத்தில் முத்திருளாயி ஏற்கனவே பாதி விதைத்திருந்தாள். வானத்தில் பஞ்சுத்துண்டு மேகம்கூட இல்லை. இக்னேஷியஸ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கலப்பை போன தடத்தில் முன்னால் நடந்தார். லூர்தம்மாள் மடியிலிருந்த குதிரைவாலியைப் பிடி பிடியாக அள்ளி, கை வீசி, ஒரே சீராகத் தூவிக்கொண்டு பின்னால் போனாள். பத்து மணிக்குள் முக்கால் ஏக்கர் முடிந்தது.